டிவியில்தான் முதலில் தெரிந்தது

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. எங்கேயோ யாருக்கோ நடந்ததாக வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் கதை இல்லை. புதுச்சேரி மூலக்குளத்தில், வில்லியனூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு புது நகரில், மாடி கட்டாத ஒரு வீட்டின் ஹாலில் நடந்தது. பார்த்தவர்கள் மூன்று பேர். மூவரும் இன்றைக்கும் இருக்கிறார்கள். தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டாலும் மூவரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீடு ஞானமேரியுடையது. முப்பத்தெட்டு வயது, ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. கணவர் டோனி டூவீலர் ஷோரூமில் ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். இருவருக்கும் பிள்ளை இல்லை. பிள்ளை என்று ஞானமேரி வளர்த்தது தங்கை மெரினைத்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது மெரின் பள்ளிக்கூடச் சிறுமி. படிக்கவைத்தது, நகை சேர்த்தது, கல்யாணம் முடித்து பிரான்சுக்கு விமானம் ஏற்றியது எல்லாம் அக்காதான். மாப்பிள்ளை ஆரோனின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். அந்த வழியில் குடும்பத்துக்கே அந்த ஊர்க் குடியுரிமை. ஆரோனுக்கு பாரீசுக்கு வெளியே ஒரு கிடங்கில் ஷிஃப்ட் வேலை.

மெரினுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. செலின் என்று பெயர் வைத்திருந்தார்கள். பிரசவத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவள் ஞானமேரி. பிரசவ லேகியம், பழைய வேட்டித் துணி, வசம்பு வளையல் என்று பெட்டியே கட்டி வைத்திருந்தாள். விசா கைக்கு வரவில்லை. பெட்டி கட்டிலுக்கடியில் அப்படியே கிடந்தது.

அங்கே மெரின் வயிற்றில் தையலோடு, நான்காவது மாடி வீட்டில், ஆரோன் வேலைக்குப் போய்விட்டால் குழந்தையும் தானுமாக. தினமும் போன் செய்து அழுவாள்.

"கண்ணை மூடி மூணு நாளாச்சுக்கா. படுத்தா அழுவுது. எழுந்தா தூங்குது. ஒரு மணி நேரம் யாராச்சும் வந்து பாத்துக்கிட்டா போதும்."

"சாப்டியாடி? வெந்நி குடிச்சியா?" என்று கேட்பதைத் தவிர அக்காவால் இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

அது டிசம்பர் மாதம். ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மழை விடவே இல்லை. தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். மாலை ஆறு மணிக்கு மெரின் வீடியோ காலில் வருவதாகச் சொல்லியிருந்தாள். அங்கே அப்போது பகல் ஒன்றரை. இத்தனை நாளும் போனில் உள்ளங்கை அகலத்துக்குத்தான் குழந்தையைப் பார்த்திருந்தார்கள். இன்றைக்கு லேப்டாப்பை டிவியில் இணைத்துப் பெரிதாகப் பார்ப்பது என்று டோனி முடிவு செய்தார். ஷோரூமில் யாரிடமோ கேட்டு எச்.டி.எம்.ஐ கேபிளும் வாங்கி வந்துவிட்டார். எதிர்வீட்டு ஃபாத்திமா, வீட்டிலேயே தையல் தைப்பவள், கிண்ணத்தில் சேமியா பாயசத்தோடு குடையை மடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

கேபிள் குட்டையாக இருந்தது. அதனால் லேப்டாப்பை டிவி ஸ்டாண்டிலேயே, டிவியை ஒட்டினாற்போல் வைக்க வேண்டியதாயிற்று. இரண்டு திரையும் பக்கத்தில் பக்கத்தில்.

"சொருவிட்டேன். வருதா?"

"நோ சிக்னல்னு வருதுங்க."

"எடுத்துச் சொருவறேன். இப்ப?"

"அதேதான்."

டோனி ரிமோட்டை எடுத்து எதையெதையோ அழுத்தினார். எச்.டி.எம்.ஐ ஒன்று, எச்.டி.எம்.ஐ இரண்டு, பிறகு பென்டிரைவ், பிறகு ஏதோ ஒரு தெலுங்குச் சேனல். லேப்டாப்பில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்ட மெரின் சிரித்தாள். "மாமா, உங்க தொப்பை மட்டுந்தான் தெரியுது. கொஞ்சம் நவுருங்க."

"அண்ணா, வயரை மாத்திப் பாருங்க. அந்த முனை இங்க, இந்த முனை அங்க" என்றாள் ஃபாத்திமா.

"ரெண்டு முனையும் ஒண்ணுதாம்மா."

"மாத்தித்தான் பாருங்களேன்."

மாற்றினார். பளிச்சென்று படம் வந்துவிட்டது. எல்லாரும் சிரித்ததில் ஹாலே அதிர்ந்தது. டோனி சத்தத்தையும் டிவிக்குக் கொண்டுவரப் பார்த்தார், முடியவில்லை. படம் டிவியில், சத்தம் லேப்டாப்பில். போகட்டும் என்று விட்டுவிட்டு, மூவரும் எதிரே சோபாவில் உட்கார்ந்தார்கள்.

டிவி நிறைய மெரின். சாம்பல் நிற சோபா. பக்கத்தில் குழந்தையின் சின்னத் தொட்டில். பின்னால் இழுத்து மூடிய திரைச்சீலை. மடியில் செலின். இந்தப் பெரிய திரையில் அவளுடைய நகம்கூடத் தெரிந்தது. ஞானமேரி எழுந்து போய்த் திரையில் தெரிந்த குழந்தையின் நெற்றியை விரலால் தடவினாள். விரலில் டிவியின் சூடு மட்டும் பட்டது.

முதலில் கவனித்தது ஃபாத்திமாதான்.

செலின் கொட்டாவி விட்டாள். முகமெல்லாம் சுருங்கி, வாய் வட்டமாகத் திறந்து... மூன்று பேரும் சேர்ந்து "ஐயோ, செல்லமே" என்றார்கள். ஃபாத்திமாவின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

"மறுபடியும் விடுது."

"எங்க?"

"லேப்டாப்புல."

"ஒரே கொட்டாவிதாம்மா அது" என்றார் டோனி. "வயர் வழியாப் போவுதில்ல? டிவியில கொஞ்சம் லேட்டா வரும்."

"டிவியில லேட்டா வரலண்ணா. டிவியிலதான் மொதல்ல வந்துச்சு."

மூவரும் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். டிவியில் மெரின் கப்பை எடுத்து ஒரு வாய் குடித்தாள். லேப்டாப்பில் கப் மேஜைமேல் இருந்தது. பிறகு லேப்டாப்பிலும் மெரின் கையை நீட்டி, கப்பை எடுத்து, குடித்தாள்.

டோனி சிரித்தார். "லேப்டாப் ஸ்லோவா இருக்கு. ரேம் பத்தல."

ஞானமேரியும் சிரித்தாள். ஆனால் மனதுக்குள் ஏதோ உறுத்தியது. படம் பிரான்சிலிருந்து லேப்டாப்புக்கு வருகிறது. லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியாக டிவிக்குப் போகிறது. குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பே குடம் நிறையுமா?

வெளியே இடி. விளக்கு ஒருமுறை மங்கிப் பிரகாசித்தது. டிவி இருண்டது. நோ சிக்னல்.

டோனி கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினார். படம் வந்தது.

லேப்டாப்பில் மெரின் மடியில் குழந்தையோடு உட்கார்ந்து ஹீட்டரைப் பற்றிக் குறைசொல்லிக்கொண்டிருந்தாள். போட்டால் மூச்சு முட்டுகிறதாம், நிறுத்தினால் எலும்பு வலிக்கிறதாம்.

டிவியில் அவள் சோபாவில் இல்லை. ஜன்னலருகே நின்றிருந்தாள். குழந்தை தோளில். திரைச்சீலை விலகியிருந்தது. வெளியே இலையில்லாத மரம் ஒன்று. மரத்தடியில் சிவப்புக் கார்.

மூவரும் டிவியின் பக்கம் குனிந்தார்கள்.

கொஞ்ச நேரம் போனது. லேப்டாப்பில் மெரின் பேச்சை நிறுத்தினாள். "வெளிய எப்படி இருக்குன்னு பாக்கறீங்களாக்கா?" என்றாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஜன்னலுக்குப் போனாள். திரைச்சீலையை இழுத்தாள்.

இலையில்லாத மரம். சிவப்புக் கார்.

"ஏங்க..." என்றாள் ஞானமேரி.

ஃபாத்திமா பாயசக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டாள். "அண்ணா, வேணாம். அந்த வயரை எடுத்துடுங்க. போன்லயே பாத்துக்கலாம்."

டோனி எழுந்து கேபிளில் கை வைத்தார். அதற்குள் விளக்கு மறுபடி மங்கியது. டிவி தானாக அணைந்தது. தானாகவே எரிந்தது.

லேப்டாப்பில் சத்தம் நின்றுவிட்டது.

மெரின் மறுபடி சோபாவுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. தன் காதைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினாள். அவளுக்கும் இவர்கள் பேசுவது கேட்கவில்லை. டோனி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஸ்பீக்கர் முழுதாகத் திறந்திருந்தது. மைக் திறந்திருந்தது. "எல்லாம் சரியாத்தான் காட்டுது மேரி. எல்லாமே சரியாத்தான் இருக்கு."

அப்போதுதான் ஞானமேரி டிவியைப் பார்த்தாள்.

டிவியில் செலின் மடியில் தூங்கிவிட்டிருந்தாள். மெரின் நிமிர்ந்து இவர்கள் பக்கம் பார்த்தாள். சரி என்பதுபோல் தலையாட்டினாள். மெல்ல எழுந்தாள். குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். துணியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினாள். உள்ளறைக்குப் போனாள்.

சோபா காலி. தொட்டில். ஜன்னலில் அந்த மரம்.

பிறகு...

திரையின் வலது ஓரத்திலிருந்து ஒரு பெண் உள்ளே வந்தாள்.

முதுகுதான் தெரிந்தது. வாசல் பக்கமிருந்து வரவில்லை. உள்ளறையிலிருந்து வரவில்லை. கேமரா இருக்கும் பக்கத்திலிருந்து, அதாவது இவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து நேராக நடந்து போவதுபோல் போனாள். கரும்பச்சைப் புடவை. இடுப்புக்குக் கீழே வரை விரித்துவிட்ட முடி. முடி நனைந்திருந்தது. நுனியிலிருந்து நீர் சொட்டியது. அந்தக் குளிர் ஊரில், காலில் செருப்பில்லை.

"யாருடி அது?" ஞானமேரி டிவியைப் பார்த்துக் கேட்டாள். ஒரு நொடி அவளுக்கு இறந்துபோன அம்மா நினைவு வந்தது. இல்லை. அம்மா குட்டை. இவள் தலை திரைச்சீலைக் கம்பியைத் தொடுகிற உயரம்.

அவள் தொட்டிலருகே நின்றாள். குனிந்தாள். ஈர முடி சரிந்து தொட்டிலுக்குள் விழுந்தது.

குழந்தையைத் தூக்கினாள்.

அவசரமில்லாமல். கழுத்துக்கு அடியில் கை கொடுத்து. பல குழந்தைகளைத் தூக்கிப் பழகிய கை.

தோளில் சாய்த்துக்கொண்டாள். முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஒருமுறை. இன்னொருமுறை. அப்படியே... மெல்ல... இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கினாள்.

நோ சிக்னல்.

ஃபாத்திமா "யா அல்லா" என்று சொன்னது ஞானமேரிக்குத் தூரத்திலிருந்து கேட்டது.

லேப்டாப்பில் மெரின் இன்னும் சோபாவில்தான் இருந்தாள். மடியில் செலின். அப்போதுதான் குழந்தையின் கண் சொருக ஆரம்பித்திருந்தது.

இன்னும் நடக்கவில்லை.

இனிமேல்தான்.

ஞானமேரி பாய்ந்து போய் லேப்டாப்பின் முன்னால் மண்டியிட்டாள். "மெரின்! எழுந்துக்காத! கொழந்தைய விட்டுட்டுப் போவாத!" தொண்டை கிழியக் கத்தினாள். மெரின் காதைத் தொட்டு உதட்டைப் பிதுக்கினாள். கேட்கவில்லையாம்.

ஞானமேரி இரண்டு கையையும் மார்போடு சேர்த்து இறுக்கிக் காட்டினாள். பிடித்துக்கொள். குழந்தையைப் பிடித்துக்கொள். மெரினின் முகம் மலர்ந்தது. அக்கா கொஞ்சுகிறாள் என்று நினைத்துவிட்டாள். குழந்தையைத் தூக்கிக் கேமராவுக்கு அருகில் காட்டினாள். அதன் பிஞ்சுக் கையைப் பிடித்து டாட்டா காட்டவைத்தாள்.

"ஐயோ, அது இல்லடி... அது இல்ல..."

டோனி போனில் மெரினைக் கூப்பிட்டார். மணி போனது. எடுக்கவில்லை. ஆரோனைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அவன் போன் லாக்கரில் இருக்கும் என்பது அவருக்கே தெரியும். மறுபடி மெரினைக் கூப்பிட்டார்.

ஃபாத்திமா லேப்டாப்பில் எழுதி அனுப்பலாம் என்றாள். ஞானமேரி அவசரமாகத் தட்டினாள். எழுந்துக்காத. அனுப்பினாள். அந்தச் செய்தியின் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போகவில்லை.

செலின் தூங்கிவிட்டாள்.

ஞானமேரி கையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம். எழுந்திருக்காதே. கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணீர் வழிந்து கன்னமெல்லாம் நனைந்தது.

மெரின் நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்வை அக்காவின் முகத்தில் இல்லை. கொஞ்சம் மேலே இருந்தது. சரி என்பதுபோல் தலையாட்டினாள்.

புரிந்துவிட்டது. அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தாள் ஞானமேரி.

மெரின் மெல்ல எழுந்தாள்.

குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். துணியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினாள்.

"போனை வைங்க! மணி கேட்டுத்தான் எழுந்துக்கறா, போனை வைங்க!" ஞானமேரி அலறினாள். டோனி கட் செய்தார்.

மெரின் உள்ளறைக்குப் போய்விட்டாள்.

சோபா காலி. தொட்டில். ஜன்னலில் மரம்.

கரண்ட் போனது.

தெரு முழுக்க ஒரே இருட்டு. டிவி இல்லை. மோடம் இல்லை. லேப்டாப் மட்டும் பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. இணைப்பு அறுந்து, படம் அப்படியே உறைந்து நின்றது.

தொட்டில். மரம். வலது ஓரத்தில்...

ஒரு பச்சைப் புடவையின் விளிம்பு. அதன்மேல் ஈரமான ஒரு கொத்து முடி.

அவ்வளவுதான் உள்ளே வந்திருந்தது. மிச்சம் திரைக்கு வெளியே.

மணி ஆறு ஐம்பது.

டோனி தன் போனிலிருந்து இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுத்துப் பார்த்தார். வட்டம் சுற்றியது. படம் அசையவில்லை. மெரினைக் கூப்பிட்டார். மணி போய்ப் போய் அடங்கியது. மறுபடி. மறுபடி. அந்த ஊர்ப் போலீசுக்குச் சொல்லலாமா? எந்த எண்ணுக்கு? என்னவென்று சொல்வது? எந்த மொழியில்? கட்டடத்தின் பெயர்கூட இவர்களுக்குச் சரியாகத் தெரியாது.

ஃபாத்திமா கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தாள். ஞானமேரி ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தாள். மணி உருளவில்லை. ஒரு அருள்நிறைந்த மரியேகூட முழுதாக வரவில்லை. திரையின் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையை எடுத்தால் அது நகர்ந்துவிடும் என்பதுபோல.

ஏழரை ஆயிற்று.

ஞானமேரியின் போன் அதிர்ந்தது. மெரின்.

"என்னக்கா, இத்தினி மிஸ்டு கால்?" தூக்கத்தில் கரகரத்த குரல்.

"கொழந்த எங்கடி?"

"தூங்கறா."

"போய்ப் பாரு."

"என்னாச்சு? எதுக்கு இப்படிப் பேசறீங்க?"

"போய்ப் பாருடி!"

காலடிச் சத்தம். கதவு. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று பேரும் ஒரே போனில் காதை வைத்து நின்றார்கள்.

"இங்கதான் இருக்கா. நல்லாத் தூங்கறா." மெரின் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மூச்சு விடறா, வயிறு ஏறி எறங்குது. போதுமா? தலைதான் ஈரமா இருக்கு. வேர்த்திருக்குபோல."

ஞானமேரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. டோனி அவளிடமிருந்து போனை வாங்கி, மழையில் கரண்ட் போய்விட்டது, கால் கட்டாகிவிட்டது, அக்கா பயந்துவிட்டாள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். தனியாக, தையலோடு, பச்சை உடம்புக்காரி. அவளிடம் இதைச் சொல்ல முடியுமா? சொல்லவில்லை. ஆரோனிடம் மட்டும் கதவை நன்றாகப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகச் சொன்னார். ஆரோன் சிரித்தான். கீழே கேட்டுக்கே ரகசிய எண் உண்டு மாமா, யாரும் வர முடியாது என்றான்.

மறுநாள் டிவி கடைக்காரர் வந்து பார்த்தார். பழுது ஒன்றும் இல்லை. கேபிளும் நன்றாக இருந்தது. லேப்டாப்பில் வேறொரு படத்தை ஓடவிட்டுக் காட்டினார். இரண்டு திரையிலும் ஒரே நேரத்தில் ஓடியது. டோனி அந்தக் கேபிளைக் குப்பையில் போட்டார். ஃபாத்திமா வெகுநாள் அந்த ஹாலுக்குள் வரவில்லை. வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவாள்.

ஞானமேரியை மட்டும் வேறொன்று அரித்தது. காப்பாற்றத்தான் போன் செய்தோம். அந்த மணிச் சத்தம்தானே அவளை எழுப்பியது? நாம் சும்மா இருந்திருந்தால் அவள் குழந்தையை விட்டு எழுந்திருக்கவே மாட்டாளே. ராத்திரியில் விழிப்பு வந்தால் இதே நினைப்பு. யாரிடம் சொல்லி ஆற்றுவது?

மழைக்காலம் போய், கோடையும் போனது. ஆகஸ்டில் ஆரோனுக்கு லீவு கிடைத்து மூவரும் ஊருக்கு வந்தார்கள். செலினுக்கு எட்டு மாதம். கொழுகொழுவென்று இருந்தாள். தவழ்ந்தாள், கண்ணில் பட்டதை எல்லாம் இழுத்தாள். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. கையில் வாங்கியதும் ஞானமேரிக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. பட்டப்பகல். மீன்குழம்பு மணம். ஆரோனும் டோனியும் வெளியே போயிருந்தார்கள். ஃபாத்திமாகூட அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்து, குழந்தைக்குத் தைத்த பாவாடையை அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்த மெரின் கேட்டாள்.

"அக்கா, அந்தம்மா எங்க? பக்கத்து வீடா? கொழந்தைய அவங்ககிட்ட ஒரு தரம் காட்டணும்."

"எந்தம்மா?"

"அதாங்க்கா. அன்னிக்கு மழையில டிவியில கனெக்சன் குடுத்து, சத்தமே வராம போச்சே. அன்னிக்கு உங்க பின்னால நின்னாங்களே, அவங்க."

ஃபாத்திமாவின் கையிலிருந்த அளவு நாடா நழுவிக் கீழே விழுந்தது.

ஞானமேரி தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீ... நீ அன்னிக்குப் போன் மணி கேட்டுத்தானே எழுந்து போன?"

"போனா? கொழந்த எழுந்துக்கும்னு அதை எப்பவுமே சைலண்ட்லதான் போட்டு உள்ள வச்சிருப்பேன். எனக்கு ஒரு மணியும் கேக்கல. அந்தம்மா சொல்லித்தான் போனேன்."

"என்ன சொன்னாங்க?"

"சாடை காட்டினாங்க." மெரின் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள். "நீ போய்ப் படுத்துக்கோன்னு. அப்புறம் கொழந்தையக் காட்டி, தன் நெஞ்சத் தொட்டாங்க. நான் பாத்துக்கறேன்னு. நீங்க முன்னால உக்காந்து அழுதுகிட்டு என்னமோ கையை ஆட்டறீங்க, அவங்க பின்னால நின்னுகிட்டு சிரிச்ச மொகமா போ போன்னு சொல்றாங்க. நான் இருந்த தூக்கக் கலக்கத்துல, அங்கருந்து எப்படிப் பாத்துக்குவாங்கன்னுகூடத் தோணலக்கா. போய்ப் படுத்தவதான். அப்படியே செத்த மாதிரி தூங்கிட்டேன்."

"எப்படி இருந்தாங்க?" ஃபாத்திமாதான் கேட்டாள்.

"நல்ல ஒசரம். பச்சைப் பொடவை. தலைக்குக் குளிச்சிட்டு அப்படியே வந்தாப்புல முடியெல்லாம் ஈரம். நீங்க யாரும் அவங்கள ஒரு வார்த்த உக்காரச் சொல்லல. பாவம், அவ்ளோ நேரமும் இந்த சோபாவுக்குப் பின்னாலயே நின்னுகிட்டு இருந்தாங்க."

ஞானமேரி மெல்லத் திரும்பினாள்.

அந்த ஹால் சின்னது. வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து சோபாவை ஒரே இடத்தில்தான் போட்டிருக்கிறார்கள்.

சுவரோடு ஒட்டி. கை நுழையக்கூட இடமில்லை.